எலிக்கு இருக்கும் பிரதிநிதி

2022 ஜூலையில் புதுச்சேரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இங்கே இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், அதாவது வி.சி.ஆர்.சி., டெங்குவைப் பரப்பும் திறன் குறைந்த கொசுவை உருவாக்கியிருக்கிறது என்பதே அது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகள் வந்தன. அவற்றிலிருந்து வளர்ந்த ஏடிஸ் எஜிப்தி கொசுக்களின் உடலில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருந்தது. அவற்றை உள்ளூர்க் கொசுக்களோடு இணையவிட்டு, நான்கு ஆண்டு உழைப்பில் புதுச்சேரிக்கே உரிய வகைகளை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். வோல்பாக்கியா குடியேறிய கொசுவின் உடலில் டெங்கு வைரஸால் எளிதில் பெருக முடியாது. தாய்க் கொசுவிலிருந்து அதன் சந்ததிக்குப் பாக்டீரியா போய்ச் சேர, சில தலைமுறைகளில் அந்த வட்டாரத்துக் கொசுக் கூட்டமே மாறிவிடும். வெளியே விடுவதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்று அப்போது மைய இயக்குநர் சொன்னார்.

அறிவியல் இதுவரை சரி. யாரிடம் சம்மதம் கேட்பது என்பதுதான் சிக்கல்.

மருத்துவமனையில் நடக்கும் மருந்துப் பரிசோதனையில் வழி தெளிவாக இருக்கிறது. நோயாளிக்கு விளக்கம் சொல்ல வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும், பிடிக்காவிட்டால் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் சிகிச்சை குறையக் கூடாது. கொசுவுக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது. புதுச்சேரி மூலக்குளத்தில் ஒரு தெருவில் விட்ட கொசு ரெட்டியார்பாளையத்துக்குப் போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ‘எங்கள் வீட்டுக்கு வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் வீட்டை மட்டும் ஒதுக்கிவைக்க வழியில்லை. விட்ட பிறகு திரும்பப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. தனிமனிதரின் கையெழுத்தை அடித்தளமாக வைத்துக் கட்டிய நெறிமுறை இங்கே தடுமாறுகிறது.

கொசுவும் மக்களின் நம்பிக்கையும் மோதிக்கொண்ட பழைய கதை ஒன்று இந்தியாவுக்கு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் ஐ.சி.எம்.ஆரும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து டெல்லியில் கொசுக்களை மரபியல் வழியில் கட்டுப்படுத்தும் ஆய்வுப் பிரிவு ஒன்றை நடத்தின. பணம் அமெரிக்காவுடையது. பி.எல். 480 திட்டத்தில் வாங்கிய கோதுமைக்கு இந்தியா ரூபாயில் செலுத்தி, இங்கேயே தங்கிப்போன நிதி அது. ஆண் கொசுக்களை மலடாக்கி டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் விட்டார்கள். மலடாக்கப் பயன்படுத்திய தயோடெப்பா, புற்றுநோய்க்கு மருந்தாகும் கடுமையான ரசாயனம். அடுத்தபடியாக ஹரியானாவின் சோனிபட் நகரில் ஏடிஸ் எஜிப்தி கொசுவை விடத் திட்டம் தயாராக இருந்தது. இந்தியாவில் இல்லாத மஞ்சள் காய்ச்சலைப் பரப்பக்கூடியது அந்தக் கொசு. இங்கே ஏன் இந்த அக்கறை, உயிரி ஆயுத ஆராய்ச்சிக்கான தகவல் திரட்டலா என்று பத்திரிகைகள் கேட்டன. 1975-இல் ஜோதிர்மய் போசு தலைமையிலான நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. பறவைகளின் வலசை பற்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வும் அதே அறிக்கையில் சிக்கிக்கொண்டது. சோனிபட் திட்டம் கைவிடப்பட்டது, டெல்லிப் பிரிவும் மூடப்பட்டது.

உயிரி ஆயுதச் சந்தேகம் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அறிவியல் உலகில் பலர் அந்த அறிக்கையை மிகைப்படுத்தல் என்றே எழுதினார்கள், ‘நேச்சர்’ இதழ் தலையங்கமே தீட்டியது. ஆனால் சந்தேகம் வளர இடம் கொடுத்தது யார்? யார் பணம், எதற்கு, எந்த ஊரில், என்ன ரசாயனம் என்ற விவரங்களை மக்கள் பத்திரிகை வழியாகவும் நாடாளுமன்றம் விசாரணை வழியாகவும் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. நல்ல திட்டமாகவே இருந்திருந்தாலும் அதற்கு ஆதரவாகப் பேச ஊரில் ஓர் ஆள்கூட இல்லாமல் போயிற்று.

அதே 1975-இல்தான் புதுச்சேரியில் வி.சி.ஆர்.சி. தொடங்கியது. டெல்லிப் பிரிவில் வேலை பார்த்த பி.கே. ராஜகோபாலன் இங்கே இயக்குநராக வந்து 1990 வரை இருந்தார். யானைக்கால் நோய் அப்போது புதுச்சேரியின் தலைவலி. அந்த நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் ரத்தத்தில் சுற்றும் என்பதால், கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டி விரல் நுனியில் ரத்தம் எடுத்தார்கள். உறக்கக் கலக்கத்தில் விரலை நீட்டியவர்கள் எந்தப் படிவத்தைப் படித்திருப்பார்கள்? அந்தக் காலத்துப் பொது சுகாதார ஆய்வுகள் பெரும்பாலும் ஊழியரின் முகப்பழக்கத்தில் நடந்தவை. மனிதர்களைக் கொண்டு செய்யும் ஆய்வுகளுக்கான முதல் கொள்கை அறிக்கையை ஐ.சி.எம்.ஆர். வெளியிட்டதே 1980-இல்தான்.

கொசு ஆய்வில் இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தக் கொசு மனிதரைக் கடிக்கிறது என்று அறிய, ஒருவர் இரவில் முழங்கால்வரை துணியை ஏற்றி உட்கார்ந்திருப்பார். காலில் வந்து அமரும் கொசுவைக் கடிக்கும் முன் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். மலேரியாப் பகுதியில் இந்த வேலைக்கு உட்காருபவர் பெரும்பாலும் அந்த ஊர்க் கூலித் தொழிலாளி. அவர் ஆய்வில் பங்கேற்பவரா, ஆய்வுக்கு உழைப்பவரா? இரண்டும்தான் என்று உலகெங்கும் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். முன்கூட்டியே மலேரியாத் தடுப்பு மருந்து கொடுப்பது, ஆளுக்குப் பதில் பொறி வைப்பது என்று மாற்றுகள் வந்திருக்கின்றன.

வோல்பாக்கியாவுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரப் புறநகர்களில் 2011-இல் முதல் முறையாக இந்தக் கொசுக்களை விட்டபோது, கூட்டம் போட்டும் வீடுகளுக்குப் போயும் மாதக்கணக்கில் பேசினார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நகரை 24 பகுதிகளாகப் பிரித்து 12 பகுதிகளில் மட்டும் விட்டார்கள். அங்கே டெங்கு 77 விழுக்காடு குறைந்தது என்று 2021-இல் முடிவு வெளியானது. இலங்கையிலும் கொழும்பு, நுகேகொடைப் பகுதிகளில் 2020-இல் முன்னோடித் திட்டம் தொடங்கியது. இந்த ஊர்களில் எல்லாம் ‘ஊரின் சம்மதம்’ என்ற ஒன்றைத் தேடினார்கள். அது எத்தனை பேர் சேர்ந்தால் ஊர் ஆகும், மறுப்பவர்கள் எத்தனை பேர் இருந்தால் நிறுத்த வேண்டும் என்பதற்கு எங்கும் ஒரே கணக்கு இல்லை. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை, ஊர்த் தலைவரோ பொறுப்பாளரோ தரும் அனுமதி தனிமனிதரின் சம்மதத்துக்கு ஈடாகாது என்கிறது. மருந்து, ஊசி ஆய்வுகளுக்கு அது பொருந்தும். கொசுவுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று அறிய, ஆட்களோடு உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளாட்சித் தேர்தல்களே ஆண்டுக்கணக்கில் நடக்காமல் கிடக்கும் புதுச்சேரியில், அப்படிப் பேச ஊர் சார்பில் யார் வருவார் என்பது சின்னக் கேள்வி அல்ல.

ஆய்வை வீடுகளுக்கும் ஊர்களுக்கும் கொண்டுபோன பெரிய முயற்சிகள் தமிழ்நாட்டில் முன்பே நடந்திருக்கின்றன. இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. காசநோயாளியை சானடோரியத்தில் வைத்து நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது அன்றைய மருத்துவ வேதம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட்டதுபோல் ஒரு பாதியை சானடோரியத்துக்கும் மறுபாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பியது. வீடு என்றால் நெரிசலான ஓர் அறை, அரைவயிற்றுச் சாப்பாடு. இரண்டு தரப்புக்கும் மாத்திரை ஒன்றே. ஓராண்டில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களைக் காலியாக்கியது. இன்றைய நெறிமுறைக் குழு ஒன்றின் முன் அந்தத் திட்டம் போயிருந்தால் முதல் கூட்டத்திலேயே திரும்பி வந்திருக்கலாம். ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. எல்லோருக்கும் போதுமான படுக்கைகள் அன்று இல்லை. எது சிறந்தது என்று யாருக்கும் உண்மையிலேயே தெரியாது. மருந்து கிடைக்காமல் எவரும் விடப்படவில்லை.

திண்டுக்கல் ஆய்வு 2000-இல் தொடங்கியது. கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய, வினிகர் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறை உண்டு. அது சாவைக் குறைக்கிறதா என்று பார்க்க 114 ஊராட்சித் தொகுதிகளை எடுத்தார்கள். 57-இல் 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மீதி 57-இல் பரிசோதனை இல்லை, வழக்கமான மருத்துவ வசதிதான். கட்டுப்பாட்டுக் குழு என்று சொல்லப்படும் இந்த இரண்டாவது பக்கத்தில் சுமார் 31,000 பெண்கள் இருந்தார்கள். 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. அழைக்கப்பட்ட பக்கத்தில் சாவு 35 விழுக்காடு குறைவு.

மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் இதே மாதிரி ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் சேர்த்துப் பரிசோதனை கிடைக்காத பக்கத்தில் 254 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள் என்று அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா எழுப்பிய கேள்வி பின்னாளில் பெரிய விவாதமானது. பரிசோதனை உயிர் காக்கும் என்பது பணக்கார நாடுகளில் அதற்கு முன்பே தெரிந்த உண்மை, பிறகு ஏன் பாதிப் பெண்களை வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது அவர் வாதம். இந்தியக் கிராமங்களில் அன்று பரிசோதனை என்பதே இல்லை, ஆய்வு வராமலிருந்தால் அந்தப் பெண்களின் நிலை வேறாக இருந்திருக்காது, கிடைத்த முடிவால்தான் அரசுகள் இந்த முறையைக் கையில் எடுத்தன என்பது ஆய்வாளர்களின் பதில். இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. இருந்தும் அது முழுப் பதில் ஆகாது. ‘ஊரில் ஒன்றுமில்லை’ என்பதையே அளவுகோலாக வைத்தால், எந்த ஊர் அதிகம் புறக்கணிக்கப்பட்டதோ அந்த ஊரே ஆய்வுக்கு வசதியான ஊராகிவிடும். சென்னை ஆய்வுக்கும் திண்டுக்கல் ஆய்வுக்கும் வித்தியாசம் அங்கேதான். முன்னதில் இரண்டு பக்கத்துக்கும் மருந்து இருந்தது.

ஆய்வுகளின் தரம் இப்படி ஏறியும் இறங்கியும் இருக்க, சட்டம் மெதுவாக நடந்து வந்தது. நியூரம்பெர்க், ஹெல்சிங்கி என்று உலக அளவில் விதிகள் எழுதி முடித்து வெகுகாலம் கழித்தே இந்தியாவில் அவற்றுக்குப் பல் முளைத்தது. அதற்கு ஒரு துயரம் தேவைப்பட்டது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பாத் என்ற அமெரிக்க அமைப்பு ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். தடுப்பூசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் சம்மதப் படிவங்களைப் புரட்டியபோது பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் போட்ட கையெழுத்துகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு ஆய்வை நடத்தியவர்களை வெளுத்து வாங்கியது.

அதே காலத்தில் ஸ்வஸ்திய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. 2005 முதல் 2012 வரை மருந்துப் பரிசோதனைகளின்போது 2,644 பேர் இறந்தார்கள், அவற்றில் 80 இறப்புகள் பரிசோதனையால் நேர்ந்தவை என்று மத்திய அரசே அங்கே சொன்னது. பிறகுதான் வேகம் பிடித்தது. இழப்பீடு கட்டாயம், நெறிமுறைக் குழுவைப் பதிவு செய்வது கட்டாயம், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சம்மதம் வாங்கும்போது ஒளிப்பதிவு கட்டாயம் என்று ஒவ்வொன்றாக வந்து, 2019 மார்ச்சில் புதிய மருந்துகள், மருந்துப் பரிசோதனை விதிகளாகத் திரண்டது.

விதிகளின் நடுவே உட்கார்ந்திருப்பது நெறிமுறைக் குழு. குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப்பேர் வெளியாட்கள். மருத்துவர், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், படிப்பு எதுவாக இருந்தாலும் சாதாரணக் குடிமகனாக வந்து உட்காரும் ஒருவர் என்று அமைப்பு. புதுச்சேரி சின்ன ஊர். ஆனால் கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, காலாப்பட்டிலும் அரியூரிலும் மதகடிப்பட்டிலும் பிள்ளையார்குப்பத்திலும் தனியார் கல்லூரிகள் என்று மருத்துவக் கல்லூரிகள் நெருக்கமாக இருக்கின்றன. முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஆய்வேடு என்றால் நோயாளி வேண்டும், நோயாளி என்றால் குழுவின் அனுமதி வேண்டும். ஒரு மதியக் கூட்டத்தில் கட்டுக்கட்டாகத் திட்டங்கள் வந்தால் குழு என்ன செய்யும்? படிவத்தின் எழுத்தைத் திருத்தும், மாதிரி எண்ணிக்கையைக் கேட்கும், அனுமதி எழுதும். அதற்குப் பிறகுதான் ஆய்வு நடக்கிறது. விடியற்காலையில் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து ஓ.பி. சீட்டுக்கு நின்ற நோயாளியிடம் மாணவர் அந்தப் படிவத்தை எப்படி நீட்டுகிறார், ‘டாக்டர் சொல்றார், போட்டுடுங்க’ என்கிறாரா இல்லையா என்பதைக் குழு பார்ப்பதில்லை. நேரில் போய்க் கண்காணிக்கும் பொறுப்பை விதி கொடுத்திருக்கிறது. அதற்கான நேரத்தையும் ஆளையும் விதியால் கொடுக்க முடியவில்லை.

இங்கே விலங்குகள் பக்கம் திரும்பினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 1960-இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1964-இல் ஒரு மத்தியக் குழு அமைந்தது. இப்போது அதன் பெயர் சி.சி.எஸ்.இ.ஏ. 1998 விதிகளின்படி எலி, முயல் வைத்து ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் பதிவு செய்து, உள்ளே ஒரு விலங்கு நெறிமுறைக் குழுவை வைக்க வேண்டும். அந்தக் குழுவில் மத்தியக் குழு அனுப்பும் பிரதிநிதி ஒருவர் உட்காருவார். அவர் வராமல் கூட்டம் நடக்காது. நாய், குரங்கு போன்ற பெரிய விலங்கு என்றால் கோப்பு டெல்லிக்கே போக வேண்டும். மனிதர்களுக்கான குழுவில் அப்படி ஒருவரும் கிடையாது. வெளியாட்களையும் சேர்த்து எல்லோரையும் நியமிப்பது, எந்த நிறுவனத்தின் ஆய்வை அவர்கள் எடைபோட வேண்டுமோ அதே நிறுவனத்தின் தலைவர்தான். எலிக்கு அரசு ஒரு பிரதிநிதியைக் கொடுத்திருக்கிறது, எலிக்குப் பிறகு அதே மருந்தை உட்கொள்ளும் மனிதருக்குக் கொடுக்கவில்லை. டெல்லியிலிருந்து வரும் ஆள் எல்லாம் காவல் தெய்வம் ஆகிவிட மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் அந்த நிறுவனத்தை எதிர்பார்க்காத ஒருவர் அறையில் இருந்தால் கேள்விகளின் தொனி மாறும்.

விலங்கு ஆய்வில் மாற்றம் சட்டத்தால் மட்டும் வந்ததில்லை. புத்தகம், மாதிரி, படம் போன்றவை போதும் என்றால் கற்பிப்பதற்காக விலங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று 1960 சட்டத்திலேயே இருந்தது. ஆனாலும் அரை நூற்றாண்டு வரை மருத்துவ மாணவர்கள் தவளையின் இதயத்தையும் முயலின் கண்ணையும் நாயின் ரத்த அழுத்தத்தையும் வைத்தே மருந்தியல் படித்தார்கள். ஜிப்மரின் மருந்தியல் பேராசிரியர் ஆர். ரவீந்திரன் ‘எக்ஸ்ஃபார்ம்’ என்ற கணினி மென்பொருளை உருவாக்கினார். மருந்தைச் செலுத்தினால் தவளை இதயத் துடிப்பின் வரைபடம் எப்படி மாறும் என்பதை மாணவர் திரையிலேயே பார்க்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அக்பர்ஷா தலைமையில் இயங்கிய மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் இதே வழியில் வேலை செய்தது. மாற்று கையில் இருந்ததால்தான், 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் அறுவைப் பயிற்சியை நிறுத்தச் சொன்னபோது கல்லூரிகளால் தாங்க முடிந்தது.

குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனத்தின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. வெறிநாய்க் கடிக்கு அங்கே தயாரான பழைய தடுப்பு மருந்து, நோய் ஏற்றிய ஆட்டின் மூளையிலிருந்து எடுத்தது. தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்த ஊசிகளைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே பயத்தோடு நினைவில் வைத்திருக்கிறது. ஆடுகள் செத்தன, ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. செல் வளர்ப்பில் தயாராகும் மருந்து வந்த பிறகு 2004 இறுதியோடு இந்தியா பழைய முறையைக் கைவிட்டது. ஆட்டுக்கும் மனிதருக்கும் ஒரே நேரத்தில் நிவாரணம் கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் மாற்று வந்துவிடவில்லை. அமெரிக்க ராணுவம் கதிர்வீச்சுச் சோதனைகளில் இந்தியக் குரங்குகளைப் பயன்படுத்தியது தெரிந்ததும் மொரார்ஜி தேசாய் அரசு 1978-இல் குரங்கு ஏற்றுமதியையே தடை செய்தது. ஆனாலும் 2020-இல் கோவிட் தடுப்பூசியான கோவாக்சினைச் சோதிக்க வேண்டி வந்தபோது, மகாராஷ்டிரக் காடுகளில் தேடி 20 செம்முகக் குரங்குகளைப் பிடித்தார்கள். அந்தக் குரங்குகளைத் தாண்டித்தான் மருந்து மனிதர்களிடம் வந்தது.

மனிதர்களிடம் வந்த பிறகு என்ன ஆனது என்பதற்குச் சென்னையே சான்று. 2020 அக்டோபரில் கோவிஷீல்டு என்ற இன்னொரு கோவிட் தடுப்பூசியின் பரிசோதனையில் ஊசி போட்டுக்கொண்ட தன்னார்வலர் ஒருவர், தனக்குக் கடுமையான நரம்பியல் பாதிப்பு ஏற்பட்டதாகச் சொல்லி ஐந்து கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார். பாதிப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மறுத்த, அந்த ஊசியைத் தயாரித்த சீரம் நிறுவனம், அவர்மீது நூறு கோடி கேட்டு அவதூறு வழக்குப் போடுவோம் என்றது. நெறிமுறைக் குழுவும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகமும் ஆராய்ந்து பார்த்த பிறகே பரிசோதனை தொடர்கிறது என்று அந்த நிறுவனம் விளக்கியது. மருத்துவத்தில் யார் பக்கம் சரி என்பது தனி விஷயம். ஆய்வுக்குத் தன் உடலைக் கொடுத்தவர் புகார் சொன்னால் பதிலுக்கு அவதூறு மிரட்டல் வரும் என்று அடுத்த தன்னார்வலர் புரிந்துகொண்டிருப்பார். குழு எந்த ஆவணங்களைப் பார்த்தது, எந்தக் காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தது என்பது பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்பட்டிருந்தால் அந்த மிரட்டலுக்கு வேலையே இருந்திருக்காது.

குழுக்களின் முடிவுகளைக் காரணத்தோடு வெளியிடச் சொல்லும் கட்டாயம் இந்திய விதிகளில் இல்லை. கூட்டக் குறிப்புகள் கோப்பில் தூங்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் வணிக ரகசியம் என்ற பதில் வரலாம். 2007-இல் தொடங்கி 2009 முதல் மருந்துப் பரிசோதனைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட தேசியப் பதிவேடு ஒன்றுதான் எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவு. எந்த மருந்து, எந்த மருத்துவமனை, எத்தனை பேர், எந்தக் குழுவின் அனுமதி என்று அதில் போட்டிருக்கும். சம்மதப் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில், இங்கே தமிழில், இருக்க வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் எழுதுவது ஆங்கிலத்தில். தான் சேர்ந்திருக்கும் பரிசோதனையை அதில் தேடிப் பார்க்க விழுப்புரத்து நோயாளிக்கு முதலில் அந்த மருந்தின் ஆங்கிலப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.